பெறுநர்: புனித அந்தோணியார்

சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்தில் மயிலாப்பூர்த் தோழி கேட்ட கேள்வி ஒன்று இன்னும் என்னை விட்டபாடில்லை. சுவர் முழுக்கப் பதித்திருந்த சலவைக்கல் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நின்று, "இதுல நம்ம ஆளு பேரு ஒண்ணாவது இருக்காடி?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. அவ்வளவு நேரமும் அதைத்தான் தேடியிருக்கிறாள். நானும் ராயபுரத்துத் தோழியும் சேர்ந்து தேடினோம். கர்னல், மேஜர், கவர்னர், கவர்னரின் மனைவி, கப்பலில் வந்து காய்ச்சலில் செத்துப்போன இளைஞர்கள், பிறந்த சில நாளில் போய்விட்ட குழந்தைகள். எங்கள் கண்ணில் பட்டவரையில் தமிழ்ப் பெயர் ஒன்றுகூட இல்லை.

மூன்று பேரும் கல்லூரி ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒருத்தி மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். இன்னொருத்தி ராயபுரம், கத்தோலிக்கக் குடும்பம். நான் பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை. மூவருக்கும் ஒரே வாரக் கடைசியில் ஓய்வு கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் பீச், சினிமா, தி.நகர் என்று போய்விடும். இந்த முறை சென்னையின் பழைய கிறிஸ்தவக் கோவில்களைப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு கோவில். அதற்குள்ளேயே வளர்ந்துவிட்டு, சென்னையில் இருக்கும் இத்தனை பழைய ஆலயங்களைப் பஸ் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு ரொம்ப நாளாகவே குறையாக இருந்தது.

சனிக்கிழமை காலை கோட்டையில் ஆரம்பித்தோம். வாசலில் பையைச் சோதித்து, அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விட்டார்கள். தலைமைச் செயலகம் விடுமுறை என்பதால் நடமாட்டம் குறைவு. 1678-ல் கட்ட ஆரம்பித்து 1680-ல் முடித்த ஆலயம் அது. சூயஸுக்குக் கிழக்கே இருக்கும் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலயங்களில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று சுவரை நாலடி கனத்துக்கு எழுப்பி, கூரையை வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே நின்றால் ஜெபிக்கக் கட்டியதா, பதுங்கக் கட்டியதா என்று சந்தேகம் வருகிறது. முற்றுகைக் காலங்களில் இரண்டுக்கும்தான் பயன்பட்டிருக்கிறது. வெளியே தரையில் பாவியிருப்பதெல்லாம் கல்லறைக் கற்கள். இப்போது சட்டக் கல்லூரி இருக்கும் இடத்தில்தான் அந்தக் காலத்து இடுகாடு இருந்தது. 1758-59-ல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது அந்தக் கல்லறைகள் எதிரிக்கு மறைவாகிவிட்டன. அதனால் பிற்பாடு கல்லறைகளைத் தரைமட்டமாக்கி, எழுத்துப் பொறித்த கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்து பதித்துவிட்டார்கள். எலும்பு ஓரிடம், பெயர் ஓரிடம். மழையிலும் வெயிலிலும் முன்னூறு வருஷம் கிடந்தும் அந்த எழுத்துகளைத் தடவிப் படிக்க முடிகிறது. ஆழமாகப் பொறிக்கச் சொல்லிக் காசு கொடுத்திருக்கிறார்கள்.

இந்த ஆலயத்தில் நடந்த முதல் கல்யாணம் எலிஹு யேலுடையது. பிறகு கவர்னரானவர், அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கே பெயர் கொடுத்தவர். அவர் காலத்தில் இந்தக் கோட்டையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றினார்கள் என்பதும் வரலாறுதான். ராபர்ட் கிளைவ் கல்யாணம் 1753-ல், இதே பீடத்துக்கு முன்னால். இதெல்லாம் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் கிடைக்கும். என் மனசு நின்றது வேறொரு தகவலில். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் மூன்று மகள்களுக்கு 1689-ல் இங்கேதான் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்களின் அம்மா இந்தியப் பெண். அவளைச் சிதையிலிருந்து சார்னாக் மீட்டார் என்று ஒரு கதை உண்டு, இன்னும் என்னென்னவோ கதைகள் உண்டு. அவளுக்கென்று இங்கே ஒரு பலகை எங்கள் கண்ணில் படவில்லை.

அப்புறம் சுவார்ட்ஸ் ஐயரின் நினைவுச்சின்னம். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அதற்கு முன்னால் போய் நின்றதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. ஜெர்மனியிலிருந்து வந்து தரங்கம்பாடி, திருச்சி, தஞ்சாவூர் என்று தமிழ்நாட்டிலேயே வாழ்ந்து மறைந்த மிஷனரி அவர். 1778-ல் பாளையங்கோட்டைக்கு வந்து, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை ஒருத்திக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். குளோரிந்தா என்று பெயர். அந்தம்மா முன்னின்று கட்டிய ஆலயம் 1785-ல் திறக்கப்பட்டது. சுவார்ட்ஸ் ஐயரே வந்து பிரதிஷ்டை செய்தார். இன்றைக்கும் எங்கள் ஊரில் வழி கேட்டால் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றுதான் சொல்வார்கள். யாரும் சுவார்ட்ஸ் கோவில் என்று சொல்வதில்லை. நெல்லைச் சீமையின் திருச்சபைக்கே அந்தப் பெண் ஒரு தொடக்கம். இதை நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த மயிலாப்பூர்த் தோழி, "அப்போ அந்தம்மா பேரும் இங்க பக்கத்துலயே இருக்கணுமோல்லியோ?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

அரண்மனைக்காரன் தெரு

கோட்டையிலிருந்து பாரிமுனை நடக்கிற தூரம்தான். அரண்மனைக்காரன் தெருவில் அடுத்தடுத்து இரண்டு கோவில்கள். ஒன்று ஆர்மீனியர்களுடையது, இன்னொன்று அந்தோணியார் கோவில். ஆர்மீனியன் ஆலயத்தை மதியத்துக்கு மேல் சாத்திவிடுவார்கள் என்பதால் முதலில் அங்கே போனோம். தெருவில் தள்ளுவண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் இடையில் நமக்கு ஒரு காலடி வைக்க இடம் கிடைப்பதே பெரிய பாடு. மரக்கதவைத் தாண்டினால் அந்தச் சத்தமெல்லாம் பின்னுக்குப் போய்விடுகிறது. 1712-ல் முதலில் ஒரு கோவில், 1772-ல் இப்போதிருக்கும் கட்டடம். மணிக்கூண்டு தனியாக நிற்கிறது, உள்ளே ஆறு மணிகள். முற்றத்தில் நாம் நடக்கும் தரையெல்லாம் கல்லறைதான். பாரசீகத்து இஸ்பஹானுக்குப் பக்கத்தில் குடியேறியிருந்த ஆர்மீனியர்கள் அங்கிருந்து பட்டும் ரத்தினமும் விற்க வந்து இங்கேயே தங்கினார்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே முதல் பாலம் கட்டியதும், பரங்கிமலைக்குப் படிக்கட்டுப் போட்டதும் அவர்களில் ஒரு வியாபாரி, கோஜா பெத்ரூஸ் உஸ்கான். உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை 1794-ல் இந்த மதராசில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியன் இந்த முற்றத்திலேயே அடங்கியிருக்கிறார். இப்போது சென்னையில் ஆர்மீனியச் சபை என்று ஒன்று இல்லை. கல்கத்தாவில் இருக்கும் ஆர்மீனியர்கள்தான் இந்த ஆலயத்தைப் பராமரிக்கிறார்கள். பெஞ்சில் தூசி இல்லை, பீடத்தில் துணி மாற்றியிருக்கிறது, உட்காரத்தான் ஆளில்லை. ராயபுரத்துத் தோழி பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள். யாராவது ஒருத்தராவது சொல்லிவிட்டுப் போகட்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

அங்கிருந்து அந்தோணியார் கோவில். 1642-ல் கோட்டைக்கு வந்து சேர்ந்த பிரெஞ்சு கப்புச்சின் துறவிகளின் பணியிலிருந்து வளர்ந்த பழைய பங்கு இது. முறையாகச் சொன்னால் புனித மரியாள் இணைப் பேராலயம். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாரிமுனையில் பாதிப் பேர் முழிப்பார்கள். செவ்வாய்க்கிழமை என்றால் தெருவே அடைத்துக்கொள்ளும். நாங்கள் போனது சனிக்கிழமை மதியம். அப்போதும் ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். மூட்டை தூக்குகிறவர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார், இரண்டு நிமிஷம் நிற்கிறார், போகிறார். பர்தா போட்ட அம்மா ஒருவர் மெழுகுவத்தி ஏற்றினார். கடைக்குச் சரக்கெடுக்க வந்த வெளியூர்க்காரர்கள் பில்லைச் சட்டைப் பையில் வைத்தபடியே கும்பிட்டார்கள். எங்கள் சபையில் புனிதர்களின் சொரூபம் கிடையாது, அவர்களிடம் மன்றாடும் வழக்கமும் கிடையாது. அதனால் நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தூண் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டார். அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம், பக்கத்தில் ஒயர் கூடை. கூடைக்குள் அட்டையில் குத்திய ஊக்கு, ஹேர்பின், சீப்பு. "ஏ கண்ணு, தமிழ் எழுதத் தெரியுமா உனக்கு?" என்றார். தெரியும் என்றேன். கூடையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தார். மனுப் பெட்டியில் போட ஒரு மனு வேண்டும், எப்போதும் எழுதித் தரும் பையன் இன்றைக்கு வரவில்லை. எனக்குக் கொஞ்சம் தயக்கம். வேண்டுதலை எப்படி எழுதுவது, "அன்பான அந்தோணியாரே" என்று ஆரம்பிப்பதா என்று யோசித்தேன். அந்தம்மாவுக்கு அந்தக் குழப்பமே இல்லை. "மேல அனுப்புநர்னு போடு. என் பேரு, ஊட்டுக்காரு பேரு, தெரு, வார்டு நம்பரு" என்று வரிசையாகச் சொன்னார். எழுதினேன். "பெறுநர்?" என்று கேட்டேன். "அதோ நிக்கிறாரே, அவருதான்" என்று சொரூபத்தைக் காட்டினார்.

பெறுநர்: புனித அந்தோணியார், அந்தோணியார் கோவில், பாரிமுனை. ஐயா. பொருள்: கடை போடும் இடம் தொடர்பாக. சைனா பஜாரில் முப்பது வருஷமாக ஒரே இடத்தில் தரைக்கடை போடுகிறார். இப்போது அந்த இடத்தை விட்டுப் போகச் சொல்கிறார்கள். வேறு இடம் தருவதாகச் சொல்வது எங்கே என்று தெரியவில்லை. மகள் வீட்டோடு வந்துவிட்டாள், பேரன் ஒன்பதாவது படிக்கிறான், வருமானம் இது ஒன்றுதான். அவர் சொன்ன வரிசையிலேயே எழுதினேன். "பக்கத்துல கண்ணாடிக் கடை இருக்குன்னு எழுது, அடையாளம்" என்றார். எழுதினேன். "ஆவன செய்யுமாறு" என்று நான் முடிக்கப் போக, "அப்டியே போடு, அதான் கரெக்டு" என்றார். அதே விஷயத்தை எத்தனை அலுவலகங்களுக்கு இப்படி எழுதிக் கொடுத்திருப்பார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இப்படிக்கு" என்று எழுதி, பெயரையும் நானே எழுதப் போனேன். "இரு இரு" என்று பேனாவை வாங்கிக்கொண்டார். "கையெழுத்து மட்டும் நான் போடுவேன்." தாளைத் தொடைமேல் வைத்து, கீழே கூடையிலிருந்த அட்டையைக் கொடுத்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் பேனாவை முழுசாகத் தூக்கி, எங்கே வைப்பது என்று பார்த்து வைத்தார். கடைசி எழுத்தின் மேல் புள்ளியை அழுத்திக் குத்தினார், தாள் கொஞ்சம் ஓட்டையானது. அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. நாலாக மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, "நீயும் ஒண்ணு எழுதிப் போடு கண்ணு, இவ்ளோ தூரம் வந்துட்டு சும்மா போவாத" என்றார்.

நான் எழுதவில்லை. எங்கள் ஐயர் இதைக் கேட்டால் என்ன சொல்வார் என்று ஒரு பக்கம் ஓடியது. மத்தியஸ்தர் ஒருவரே என்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தவள் நான். அந்த நம்பிக்கை எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த மனுவை எழுதியதில் எனக்கு ஒரு துளி உறுத்தலும் இல்லை. இனிமேலும் யார் கேட்டாலும் எழுதுவேன். உறுத்தியது வேறு. காலையிலிருந்து நாங்கள் சுவரைப் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தது இதைத்தானே? நம்ம ஆள் பெயர் ஒன்று, அதுவும் அவரே தன் கையால் எழுதியது. அது சுவரில் ஏறாது, பெட்டிக்குள் போகும், கொஞ்ச நாளில் பெட்டியைக் காலி செய்யும்போது அதுவும் போய்விடும். ஆனால் அந்த ஆலயத்தின் உள்ளே நுழைந்து, இங்கே இருப்பவருக்கு என் பெயர், தெரு, வார்டு எல்லாம் தெரிய வேண்டும் என்று உட்கார்ந்து எழுத வைத்த அந்த உரிமை, கிளைவுக்குக்கூட அந்தக் கோட்டை ஆலயத்தில் இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கோவில் யாருடையது என்று யாராவது இனிமேல் கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வரப்போவது அந்த அம்மாதான்.

படகுக்காரர்கள்

சாயங்காலம் பீச் ஸ்டேஷன் பக்கத்தில் நின்றுகொண்டே அத்தோ சாப்பிட்டோம். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு, அந்த ஒரு தெருவுக்காகவே ஒரு தடவை போகலாம். ராத்திரி ராயபுரத்தில் தங்கல். தோழியின் அம்மா மீன் குழம்பு வைத்திருந்தார். கோட்டையில் தேடிய கதையைச் சாப்பிடும்போது சொன்னோம். சுவரில் ஒரு தமிழ்ப் பெயரும் இல்லை என்று நான் முடித்ததும் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் கல்லு எப்டிக் கண்ணு கரைக்கு வந்துச்சு?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவரே சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரைக்கும் மதராசுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் கரையை ஒட்டி வர முடியாது, தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். அலை அடித்துப் புரட்டுகிற கரைக்கு அங்கிருந்து ஆளையும் சரக்கையும் கொண்டுவருவது மசூலாப் படகு. ஆணி கிடையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அறைந்தால் ஆணி அடித்த படகு உடையும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். அதை ஓட்டியவர்கள் இந்தக் கரையின் ஆட்கள். லண்டனில் செதுக்கிய சலவைக்கல்லும் அந்தக் கல்லில் பெயர் போட்ட கவர்னரும் அந்தப் படகில்தான் கரைக்கு வந்து சேர வேண்டும். வேறு வழியே கிடையாது. "எங்க ஆளுங்க தோள்ல தூக்கி எறக்கிவுட்ட கல்லு அது" என்றார் அந்த அம்மா. பெருமைக்காகச் சொன்ன மாதிரி இல்லை, வீட்டுக் கணக்கு ஒன்றைச் சரிபார்ப்பதுபோல் சொன்னார்.

அந்தப் படகோட்டிகள் தங்கள் வருமானத்திலிருந்து பணம் சேர்த்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியதுதான் ராயபுரம் புனித பேதுரு கோவில். பேதுருவும் மீனவர், படகுக்காரர். ஞாயிறு காலைப் பூசைக்கு அந்த அம்மாவோடு போனோம். கோட்டையில் நாங்கள் கண்ட அமைதி அங்கே இல்லை. குழந்தைகள் நடைபாதையில் ஓடுகின்றன, வயசானவர்கள் பாட்டை ஒரு தாளம் பின்னால் இழுக்கிறார்கள், மின்விசிறி சத்தத்தில் சாமியார் பிரசங்கம் பாதி கேட்கவில்லை. மயிலாப்பூர்த் தோழி எங்களோடு எழுந்து, எங்களோடு உட்கார்ந்தாள். காணிக்கைப் பை வந்தபோது தன் கைப்பையைத் திறந்து போட்டாள். நற்கருணைக்கு எல்லாரும் வரிசையில் போகும்போது மட்டும் அவளும் நானும் பெஞ்சிலேயே இருந்தோம். அவளுக்கு அது இயல்பாக இருந்தது. எனக்கு அப்படி இல்லை. கிறிஸ்தவள் என்று சொல்லிக்கொண்டு நான் அந்த வரிசையில் சேர முடியாது என்பது வலிக்கத்தான் செய்கிறது. கத்தோலிக்கருக்கும் எங்களைப் போன்ற சீர்திருத்தச் சபைகளுக்கும் இடையே ஐந்நூறு வருஷத்துச் சண்டை, எங்கள் மூவரில் யாரும் ஆரம்பித்ததல்ல.

அந்த வலியோடுதான் பூசை முடிந்ததும் கதீட்ரல் சாலைக்குப் போனோம். புனித ஜார்ஜ் பேராலயம் 1815-ல் எழுந்தது. வெள்ளைத் தூண்கள், பெரிய மரங்கள் நிறைந்த வளாகம். ஆராதனை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். இங்கேயும் சுவரெல்லாம் வெள்ளைக்காரப் பெயர்கள்தான். ஆனால் எனக்கு இந்த இடத்தின் மேல் தனியான பற்று. சுதந்திரம் கிடைத்து ஆறே வாரத்தில், 1947 செப்டம்பர் 27 அன்று, தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது இந்தக் கூரைக்குக் கீழேதான். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று மேற்கே சண்டை போட்டுப் பிரிந்த சபைகள் இங்கே ஒன்றாகின. பேராயர் முறையை ஏற்றுக்கொண்ட சபைகளும் அதை ஏற்காத சபைகளும் இப்படி ஒன்று சேர்ந்தது அதற்கு முன் உலகத்தில் எங்கேயும் நடக்கவில்லை. அதற்காக ஒரு தலைமுறை பாடுபட்டவர்களில் முக்கியமானவர் எங்கள் பக்கத்துக்காரர். வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். 1919-ல் தரங்கம்பாடியில் கூடிய பேச்சுவார்த்தையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். 1945-ம் வருஷம் முதல் தேதி இறந்துபோனார், அந்த நாளைப் பார்க்கவில்லை. "உங்க வெள்ளாளன்விளைக்காரர் பார்த்திருக்கணும்டி" என்று மயிலாப்பூர்த் தோழி சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எங்களுடைய ஒன்றிப்பு அரைகுறைதான், சபைக்குள் இன்றைக்கும் வழக்குகள், தேர்தல் சண்டைகள், சாதி. ஆனாலும் இந்தக் கோவில் எங்களுடையதானது கல்லால் இல்லை, அந்த செப்டம்பர் சனிக்கிழமையால்.

மயிலாப்பூர்ப் பாட்டி

கடைசியாக மயிலாப்பூர். லஸ் முனையில் பிரகாச மாதா கோவிலுக்குள் நுழைந்தோம். 1516 என்று கல்லில் இருக்கிறது. சென்னை என்று ஒரு நகரம் எழும்ப இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் இருந்த காலம். சுற்றிலும் காடாக இருந்ததால் காட்டுக் கோவில் என்று பெயர். தோழியின் வீட்டில் இன்னமும் அப்படித்தான் சொல்கிறார்கள். அங்கிருந்து குளத்தங்கரை வந்து காளத்தி கடையில் ரோஸ்மில்க் குடித்துவிட்டு, சாந்தோமுக்கு நடந்தோம். பேராலயத்துக்குப் பின்பக்கமாக இறங்கினால் கீழே இயேசுவின் சீடர் தோமாவின் கல்லறைச் சிற்றாலயம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவே இந்தக் கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார். மேலே இப்போது இருக்கும் வெள்ளைக் கோபுரக் கட்டடம் 1896-ல் முடிந்தது. அதற்கு முன் இருந்தது போர்த்துகீசியர் கட்டியது.

போர்த்துகீசியரைப் பற்றிப் பேசும்போது மயிலாப்பூர்த் தோழி சொல்ல வேண்டியதைச் சொன்னாள், நாங்கள் கேட்க வேண்டியதைக் கேட்டோம். பழைய கபாலீசுவரர் கோவில் கடலை ஒட்டி இருந்தது, போர்த்துகீசியர் காலத்தில் அது அழிந்தது என்பது மயிலாப்பூரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது. சம்பந்தர் பாடிய மயிலையில் அலை வந்து உலாவுகிறது. இன்றைய கபாலி கோவிலிலிருந்து கடல் நல்ல தூரம். அருணகிரிநாதர் பாட்டிலும் கடற்கரைக் கோவில்தான். சாந்தோம் பக்கத்தில் பழைய கோவிலின் கல்வெட்டுத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. நான் ஒரு கிறிஸ்தவள் என்பதால் இதைக் கேட்டு மழுப்பக் கூடாது என்று நினைக்கிறேன். கோட்டைச் சுவரில் நம் பெயர் இல்லை என்று வருத்தப்படுகிறவள், இங்கே எந்தப் பெயர் அகற்றப்பட்டது என்பதையும் கேட்டாக வேண்டும்.

தோழி கோபமாகச் சொல்லவில்லை. "பாட்டி இதைச் சொல்லாம ஒரு நாளும் சாந்தோமைத் தாண்ட மாட்டா" என்றாள். ஒரு நிமிஷம் கழித்து, "அதே பாட்டிதான் எனக்கு டைஃபாய்டு வந்தப்போ காட்டுக் கோவிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தா. அம்மா கோச்சுண்டா. நோய்க்கு மாதா என்ன, மாரியம்மா என்னன்னு பாட்டி கேட்டாளாம்." பாட்டி இந்த இரண்டையும் எப்படி ஒரே மனசில் வைத்திருந்தார் என்று மூவரும் ரொம்ப நேரம் பேசினோம். ராயபுரத்துத் தோழிக்கு அதில் ஆச்சரியமே இல்லை. அவள் வீட்டுத் தெருவில் எல்லாரும் அப்படித்தானாம். எனக்குத்தான் அது எளிதாகப் பிடிபடவில்லை. பாட்டி எதையும் மறக்கவும் இல்லை, மறந்ததாக நடிக்கவும் இல்லை. போர்த்துகீசியர் செய்ததற்கு மாதாவிடம் கணக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் கோவில் தன்னுடையதா இல்லையா என்று யாரிடமும் அனுமதியும் கேட்கவில்லை.

ராத்திரி எழும்பூரில் ரயிலேறி ஊர் வந்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. எங்கள் சபையில் ஆலயத்துக்குள் நுழைந்ததும் வலது பக்கம் ஒரு மரப்பலகை, இதுவரை ஊழியம் செய்த ஐயர்மார் பெயரெல்லாம் வருஷத்தோடு எழுதியிருக்கும். மணியடித்தவர் பெயர் இல்லை. ஓடு மாற்றியவர் பெயர் இல்லை. அடுப்பில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, மாதக் கடைசியில் கோவிலுக்குக் கொண்டுவந்த பெண்களின் பெயரும் இல்லை. எங்கள் பக்கத்து ஆலயங்கள் பலவற்றுக்கு அந்தப் பிடியரிசிதான் சுண்ணாம்பும் ஓடும் ஆனது. எங்கள் ஆச்சியும் அப்படி எடுத்துவைப்பார்கள். யார் எத்தனை படி கொடுத்தார்கள் என்று எழுதிய பழைய நோட்டுகள் ஆலய அலமாரியில் கட்டிவைத்திருக்கின்றன. அதை எடுத்துப் பெயர்களைப் படியெடுத்து, ஐயர்மார் பலகைக்குப் பக்கத்திலேயே ஒரு பலகையாக வைக்க வேண்டும் என்று ஐயரிடம் கேட்டேன். கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார்கள். நோட்டைப் பார்ப்பதற்குக் கமிட்டி வேண்டாம், அலமாரிச் சாவியை வாங்கித் தருகிறேன், சனிக்கிழமை வா என்றார்கள். பூச்சி அரித்த ஏடுகளைப் படம் எடுப்பது எப்படி என்று தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.